எட்டுப் பேருக்கு எத்தனை பேட்?

ஒரகடம், மாத்தூர், வல்லம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் குடியிருக்கும் தம்பி தங்கைகளுக்கு இந்தக் காட்சி பழக்கமானதுதான். சாயங்காலம் ஐந்து மணி. முதல் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்தவர்கள் ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழுந்திருப்பார்கள். தெருவில் சாக்பீஸால் நாலு கோடு. இந்தப் பக்கம் ஒரு கேட், அந்தப் பக்கம் ஒரு வேப்பமரம், நடுவே நைலான் கயிறு. அதுதான் வலை. ஆடுவது நாலு பேர். ஓரத்தில் ஆறேழு பேர் தங்கள் முறைக்காகக் காத்திருப்பார்கள். காத்திருக்கிறவர்கள் கையிலும் ஆளுக்கொரு பேட் இருக்கும்.

அந்தத் தெருவில் 20 வீடு, வீட்டுக்கு 2 பேட் என்று வையுங்கள். மொத்தம் 40. கோர்ட் ஒன்றுதான் என்பதால் ஒரு நேரத்தில் ஆட்டத்தில் இருப்பது நாலே நாலு. மற்றதெல்லாம் எங்கே? பீரோவுக்குப் பின்னால், பரண் மேல், செருப்பு ஸ்டாண்டு இடுக்கில். அதில் பலவற்றில் நரம்பு அறுந்து தொங்கும். இருந்தாலும் பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் "புது பேட்" என்றுதான் பதில் வருகிறது.

சரி, ஒரு தெருவுக்கு உண்மையில் எத்தனை பேட் போதும்? வேடிக்கையாகக் கேட்பதுபோல் இருக்கும். ஆனால் இதற்குப் பின்னால் நல்ல இயற்பியலும் அதைவிட நல்ல கணிதமும் இருக்கின்றன.

முதலில், புது பேட் கேட்பவர் பக்கம் நியாயம் இருக்கிறதா என்று பார்த்துவிடுவோம். ஒரு பேட்டுக்கும் இன்னொரு பேட்டுக்கும் நிஜமாகவே வித்தியாசம் உண்டா? உண்டு. கைப்பிடிக்குக் கொஞ்சம் மேலே, தண்டின் அடியில் சின்ன எழுத்தில் 3யு, 4யு என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? அது எடைக் குறி. யோனெக்ஸ் கம்பெனியின் கணக்குப்படி 3யு என்றால் 85 முதல் 89.9 கிராம், 4யு என்றால் 80 முதல் 84.9 கிராம். இரண்டுக்கும் இடைவெளி சுமார் 5 கிராம். அது ஒரு இறகுப்பந்தின் எடைதான்! விதிப்படி ஷட்டில் காக் 4.74 கிராமிலிருந்து 5.50 கிராம் வரை இருக்கலாம். இத்தனை சின்ன வித்தியாசம் கைக்குத் தெரியுமா என்று சந்தேகம் வருவது நியாயம். அந்த எடை பேட்டில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பேட்டின் தண்டில், நீங்கள் பிடிக்கும் இடத்திலிருந்து 12 சென்டிமீட்டர் தள்ளி அதை செல்லோ டேப்பால் இறுக்கமாகச் சுற்றி ஒட்டுங்கள். ஆள் இல்லாத இடத்தில் நின்று பேட்டை வேகமாக இப்படியும் அப்படியும் வீசிப் பாருங்கள். ஒன்றும் தோன்றாது. இப்போது நாணயத்தை எடுத்து 48 சென்டிமீட்டர் தூரத்தில், தலையின் உச்சிப் பக்கம் சட்டத்தில் ஒட்டி மறுபடி வீசுங்கள். பேட் பிடிவாதம் பிடிக்கும். கிளப்புவதும் சிரமம், நிறுத்துவதும் சிரமம். நாணயம் அதேதான். தூரம் மட்டும் நாலு மடங்கு ஆகியிருக்கிறது. சுழலும் பொருளின் சண்டித்தனம் தூரத்தின் வர்க்கத்தோடு கூடும். அதனால் அந்த நாணயம் காட்டும் எதிர்ப்பு நாலு மடங்கு இல்லை, 16 மடங்கு. இதற்கு நிலைமத் திருப்புத்திறன் என்று பெயர். பதினோராம் வகுப்பு இயற்பியலில் இதைச் சந்திப்பீர்கள். அப்போது மனப்பாடம் செய்யத் தேவையிருக்காது, கைக்கே ஞாபகம் இருக்கும்.

தலை கனமான பேட் அடியைப் பலமாக்கும். தலை லேசானது, வலைக்குப் பக்கத்தில் சட்டென்று திரும்பும். உங்கள் பேட் எந்த ரகம் என்று அறிய அதை ஒரு விரல்மேல் படுக்கவைத்து, சாயாமல் நிற்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். கைப்பிடியின் அடி நுனியிலிருந்து அந்த இடம் 29 சென்டிமீட்டர் வாக்கில் இருந்தால் நடுத்தரம். அதைத் தாண்டிப் போகப் போகத் தலை கனம். ஒரு தெருவில் இந்த இரண்டு ரகமும் இருப்பது நல்லதுதான். ஆனால் ஒருவரிடமே எல்லா ரகமும் இருந்தால் எதுவுமே கைக்குப் பழகாது.

விலை கூடிய பேட் வாங்கினால் வேகம் வந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. ஆந்திராவின் அமலாபுரத்தைச் சேர்ந்த சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டி, 2023 ஏப்ரல் 14 அன்று ஜப்பானில் மணிக்கு 565 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு ஸ்மாஷ் அடித்தார். கின்னஸ் பதிவு அது. அந்தப் பேட்டை வாங்கி என் கையில் கொடுத்தால் காக் அடுத்த வீட்டு மொட்டை மாடிக்குப் போகும், அவ்வளவுதான். வேகத்தின் பெரும் பங்கு தோளிலும் முழங்கையிலும் மணிக்கட்டிலும் பிறக்கிறது.

இப்போது நரம்புக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். நரம்பு கட்ட, அதாவது கட்டிங் போட, கடைக்குப் போனால் "எத்தனை பவுண்டு?" என்று கேட்பார்கள். 24 பவுண்டு என்றால் ஒவ்வொரு நரம்பையும் ஏறக்குறைய 11 கிலோ எடை தொங்கும் அளவுக்கு இழுத்துக் கட்டுகிறார்கள் என்று பொருள். மேலிருந்து கீழாக ஓடும் நரம்புகளை எண்ணிப் பாருங்கள். பெரும்பாலான பேட்களில் 22 இருக்கும். 22-ஐ 11-ஆல் பெருக்கினால் 242. அந்த மெல்லிய சட்டம் இரவும் பகலும் 240 கிலோ இழுப்பைத் தாங்கி நிற்கிறது! ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் ஆலை வைத்திருக்கிறதே ராயல் என்ஃபீல்டு, அதன் புல்லட் 350 வண்டியே 195 கிலோதான். 85 கிராம் பேட்டில் ஒரு புல்லட்டுக்கும் மேலான சுமை. குறுக்கு நரம்புகளை இன்னும் கணக்கில் சேர்க்கவே இல்லை.

சட்டம் நசுங்காமல் இருப்பதற்குக் காரணம், நெடுக்கு இழுப்பும் குறுக்கு இழுப்பும் ஒன்றையொன்று சமன் செய்வது. ஒரு நரம்பு அறுந்தால் அந்தச் சமன் ஒரு பக்கம் கெடும், சட்டம் கோண ஆரம்பிக்கும். அதனால்தான் அறுந்ததும் மீதி நரம்புகளையும் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக வெட்டிவிடச் சொல்வார்கள் அனுபவஸ்தர்கள். 'ஒன்றுதானே அறுந்தது, அப்புறம் பார்க்கலாம்' என்று பரணில் போட்டால், ஒரு வருஷம் கழித்து இறங்குவது கோணல் பேட்.

இந்த இழுப்பில் இன்னொரு முக்கியமான விஷயமும் இருக்கிறது. நரம்பு நைலான். இழுத்துக் கட்டிய நைலானுக்குள் இருக்கும் நீளமான மூலக்கூறுச் சங்கிலிகள் கொஞ்சம் கொஞ்சமாக நழுவி, இழுப்பைத் தளர்த்திக்கொள்ளும். நைலான் காற்றின் ஈரத்தையும் குடிக்கும். ஐப்பசி மழைக்காலத்தில் கேட்கவே வேண்டாம். ஆடினாலும் தளரும், ஆடாமல் பையில் வைத்தாலும் தளரும். பேனாவை மூடி வைத்தால் மை மிச்சமாகும். பேட்டை மூடி வைத்தால் எதுவும் மிச்சமாகாது. ஆறு பேட் வாங்கி ஒன்றை மட்டும் ஆடுகிறவர், மற்ற ஐந்தையும் சும்மா தளரவிட்டுக்கொண்டிருக்கிறார்.

நம்பிக்கை இல்லையென்றால் காதால் கேளுங்கள். புதிதாகக் கட்டிங் போட்ட பேட்டின் நரம்புகளை விரல் நகத்தால் தட்டினால் 'டிங்' என்று கூர்மையாக ஒலிக்கும். ஒரு மாதம் கழித்துத் தட்டினால் சுருதி இறங்கியிருக்கும். இழுவிசையின் வர்க்கமூலத்தைப் பொறுத்து அதிர்வெண் அமையும். இழுவிசை 100-லிருந்து 81-க்கு இறங்கினால், அதிர்வெண் 100-லிருந்து 90-க்கு இறங்கும். போனில் இரண்டு ஒலியையும் பதிவுசெய்து அடுத்தடுத்துக் கேட்டால் வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

பெரிய ஆட்டக்காரர்கள் ஏன் பை நிறையப் பேட் வைத்திருக்கிறார்கள் என்று கேட்பீர்கள். நம் காஞ்சிபுரத்துத் துளசிமதி முருகேசன் 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் இறகுப்பந்தில் வெள்ளி வென்றார். அந்த உயரத்து ஆட்டங்களில் நரம்பு அறுந்தால் கட்டிங் போட நேரம் ஏது? ஓரத்துக்கு ஓடி, அதே எடை, அதே இழுப்பு உள்ள இன்னொன்றை எடுத்துக்கொண்டு வர வேண்டியதுதான். அவர்கள் சேர்ப்பது உதிரி. நாம் பரணில் சேர்ப்பது ஆசை. இரண்டும் வேறு.

ஆசை என்றேன். அதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். டேனியல் கானெமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் என்ற மூவர் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை செய்து 1990-இல் வெளியிட்டார்கள். மாணவர்களில் பாதிப் பேருக்குக் காபி குடிக்கும் கோப்பை ஒன்றை இலவசமாகக் கொடுத்தார்கள். கோப்பை கிடைத்தவர்களிடம், "என்ன விலைக்கு விற்பாய்?" என்று கேட்டார்கள். கிடைக்காதவர்களிடம், "என்ன விலைக்கு வாங்குவாய்?" என்று கேட்டார்கள். விற்பவர்கள் கேட்ட விலை, வாங்குபவர்கள் சொன்ன விலையைப்போல இரண்டு மடங்குக்கும் மேல்! கோப்பை கைக்கு வந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. அதற்குள் 'என்னுடையது' என்ற எண்ணம் விலையை ஏற்றிவிட்டது. அறுந்த பேட்டைக்கூடத் தூக்கிக் கொடுக்க நமக்கு மனசு வராததற்கு இதுவும் ஒரு காரணம்.

கொடுக்க மனசு வந்து, பழைய இரும்புக் கடைக்கு எடுத்துப் போனாலும் ஒரு சிக்கல் உண்டு. ஜோடியாகப் பையில் போட்டு விற்கிறார்களே, தலையும் தண்டும் சேரும் இடத்தில் ஒட்டு தெரியும் பேட், அதில் இரும்பும் அலுமினியமும் இருக்கும். உருக்கி மறுபடி உலோகமாக்கலாம். விலை கூடிய கார்பன் பேட்டை உருக்க முடியாது. தலைமுடியைவிட மெல்லிய கார்பன் இழைகளை எப்பாக்ஸிப் பிசினில் தோய்த்து, அச்சில் வைத்துச் சூடேற்றிச் செய்வது அது. சூட்டில் பிசினின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று நிரந்தரமாகக் கைகோத்துக்கொள்ளும். மறுபடி சூடாக்கினால் கருகும், இளகாது. ஒரகடம் அப்போலோ ஆலையில் செய்யும் டயரும் இதே சங்கதிதான். ஒருமுறை வெந்த ரப்பர் திரும்பவும் மாவாகாது. ஆக, தேவையில்லாமல் வாங்கிய கார்பன் பேட் பூமியில் ரொம்ப காலம் கிடக்கும்.

இப்போது கணக்குக்கு வருவோம். உங்கள் தெருவில் எட்டுப் பேர் ஆடுகிறீர்கள். எல்லோரும் தினமும் வருவதில்லை. டியூஷன், காய்ச்சல், பாட்டி வீடு என்று ஏதாவது இருக்கும். சராசரியாக இரண்டு நாளைக்கு ஒருமுறை ஒருவர் வருகிறார் என்று கொள்வோம். வந்தவர் ஒவ்வொருவர் கையிலும் ஒரு பேட் இருக்க வேண்டும். ஓரத்தில் நிற்பவரும் சும்மா நிற்க மாட்டாரே, சுவரில் தட்டிக்கொண்டிருப்பார். எத்தனை பேட் வேண்டும்?

எட்டு நாணயங்களைக் குலுக்கிப் போடுங்கள். தலை விழுந்தால் வந்தார், பூ விழுந்தால் வரவில்லை. எட்டு நாணயங்கள் மொத்தம் 256 விதமாக விழலாம். எட்டும் தலையாக விழுவது அதில் ஒரே ஒரு விதம். ஏழு தலை விழுவது எட்டு விதம். ஆக, ஆறு பேருக்கு மேல் வந்து நிற்கும் நாள் 256-இல் 9 மட்டுமே. ஆறு பேட் இருந்தால் 247 நாட்கள் யாரும் வெறுங்கையோடு நிற்க மாட்டார்கள். ஐந்து பேட்தான் என்றால் 37 நாள் தகராறு வரும். நாலு என்றால் 93 நாள். ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே எத்தனை பெரிய தாவல் பாருங்கள்! ஏழாவது பேட் வாங்கினால் கூடுதலாகக் கிடைப்பது 8 நாள் நிம்மதி. எட்டாவது பேட் 256 நாளில் ஒரே நாளுக்குத்தான் உதவும்.

பக்கத்துத் தெரு எட்டுப் பேரும் சேர்ந்தால் இன்னும் சுவாரஸ்யம். தனித்தனியாக வைத்தால் 6 கூட்டல் 6, மொத்தம் 12 பேட். 16 பேரும் ஒரே பெட்டியிலிருந்து எடுத்தால் 11 போதும். தட்டுப்பாடு வரும் நாள் நூற்றுக்கு நாலைத் தொடாது. கூட்டம் பெருகப் பெருக ஏற்ற இறக்கம் ஒன்றையொன்று ஈடுகட்டிக்கொள்கிறது. உதிரியையும் மறக்காதீர்கள். ஆளுக்கொரு பேட், ஆளுக்கொரு உதிரி என்று வைத்தால் எட்டுப் பேருக்கு 16. பொதுவில் வைத்தால் ஆறும் ஒரு உதிரியுமாக ஏழு. ஒரே சாயங்காலம் எட்டுப் பேருக்கும் நரம்பு அறுந்தால் காரணம் நரம்பு இல்லை, யாரோ கத்தரிக்கோலோடு வந்திருக்கிறார்கள்.

இது நான் கண்டுபிடித்த கணக்கு இல்லை. டென்மார்க்கில் கோபன்ஹேகன் தொலைபேசிக் கம்பெனியில் வேலை பார்த்த ஆக்னர் எர்லாங் என்ற கணிதக்காரருக்கு இதே மாதிரி ஒரு கேள்வி வந்தது. ஆயிரம் பேர் போன் வைத்திருக்கிறார்கள். ஆயிரம் இணைப்புக் கம்பிகள் இழுக்க வேண்டுமா? எல்லோரும் ஒரே நிமிஷத்தில் பேசப் போவதில்லையே! எத்தனை கம்பி இழுத்தால் போதும்? 1909-இல் அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரையிலிருந்து இந்தத் துறை வளர்ந்தது. இன்றும் தொலைபேசிப் போக்குவரத்தை அளக்கும் அலகின் பெயர் எர்லாங். 2006 முதல் 2014 வரை ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையில் செய்த போன்கள் எத்தனையோ வீடுகளுக்குப் போயின. அவற்றில் பேசியவர்கள் எல்லோரும் டவர்களைப் பங்கு போட்டுக்கொண்டது எர்லாங் கணக்கில்தான்.

நாணயக் கணக்கில் ஒரு ஓட்டை உண்டு. அதையும் சொல்லிவிட வேண்டும். நாணயத்துக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது. லீவு நாளில் எல்லோரும் ஒரேயடியாக வருவார்கள். மழை பெய்தால் ஒருவரும் வர மாட்டார்கள். ஒருவர் வருகை இன்னொருவர் வருகையோடு பிணைந்திருந்தால் கணக்கு ஆட்டம் காணும். ஆனால் நம் பக்கத்து அண்ணன் அக்காக்களுக்கு இதில் ஒரு சாதகம் இருக்கிறது. காலை ஷிப்டுக்குப் போகிறவர் சாயங்காலம் ஆடுவார். இரண்டாவது ஷிப்டுக்குப் போகிறவர் காலையில் ஆடுவார். இருவரும் ஒரே பேட்டுக்கு மோதிக்கொள்ளவே வாய்ப்பில்லை. வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் அளவுக்கு சிப்காட் கட்டிய குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அத்தனை பேரும் இறகுப்பந்து ஆடினாலும் 18,720 பேட் தேவைப்படாது.

பொதுப் பெட்டி என்றதும் பெரியவர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள்: "உடைத்துவிட்டால் யார் பொறுப்பு?" சரியான கேள்வி. இதற்குப் பட்டறைகளில் பழைய வழி ஒன்று உண்டு. ஐ.டி.ஐ. படித்த அண்ணன் யாரையாவது டூல் ஸ்டோர் பற்றிக் கேளுங்கள். எண் பொறித்த ஒரு டோக்கனைக் கொடுத்துவிட்டுத்தான் கருவியை வாங்க முடியும். கருவி இருந்த ஆணியில் அந்த டோக்கனை மாட்டிவிடுவார்கள். சுவரைப் பார்த்தாலே எது யாரிடம் இருக்கிறது என்று தெரிந்துவிடும். திரும்பி வரும்போது ஸ்டோர்காரர் கருவியைப் புரட்டிப் பார்த்துத்தான் டோக்கனைக் கொடுப்பார். உங்கள் பெட்டிக்கு அட்டை டோக்கன் போதும். திரும்ப வாங்கும்போது பார்க்க வேண்டியவை: சட்டத்தில் கீறல், நரம்பில் நைந்த இடம், நரம்பு நுழையும் பிளாஸ்டிக் குழாய்களில் உடைசல். கைப்பிடியில் வியர்வை நாற்றம் அடித்தால் மேலே சுற்றிய கிரிப்பை மாற்றுங்கள். மாதம் ஒருமுறை எல்லாப் பேட்டையும் தட்டிச் சுருதி பார்த்து, மந்தமாக ஒலிப்பதைக் கட்டிங்குக்கு அனுப்புங்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் மட்டும் பெட்டியை வைக்காதீர்கள். சூட்டில் நரம்பு இன்னும் வேகமாகத் தளரும்.

கடைசியாக ஒரு தகவல். விளையாட்டுச் சாமான்களைப் பொதுவில் வைக்கும் ஏற்பாடு நம் மாநிலத்திலேயே இருக்கிறது. 2024-இல் தொடங்கிய கலைஞர் விளையாட்டு உபகரணங்கள் திட்டம், தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளுக்கு 33 வகை விளையாட்டுப் பொருட்கள் கொடுப்பதற்கானது. உங்கள் ஊராட்சி அலுவலகத்துக்குப் பெரியவர் யாரையாவது கூட்டிக்கொண்டு போய், அந்தப் பொருட்கள் எங்கே இருக்கின்றன, எந்த நேரத்தில் எடுக்கலாம், பதிவேட்டில் யார் கையெழுத்துப் போட வேண்டும் என்று கேளுங்கள். போவதற்கு முன்னால் உங்கள் வீட்டுப் பரணையும் ஒருமுறை பாருங்கள். கோணாமல் இருக்கும் பேட்டுக்குக் கட்டிங் போட்டு உங்கள் தெருவின் பொதுப் பெட்டியில் சேர்த்துவிடுங்கள்.